மடக்காத விரல்

பூசணிக்காய் வெட்டும்போது கத்தி இறங்கி என் ஆள்காட்டி விரல் நரம்பு அறுந்துபோனது. தையல் பிரித்ததும் ஈப்போ ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சிக்குப் போனேன். அங்கே பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம். சுங்காயிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருக்கும் அதே விரல்தான், மீன் வெட்டும்போது.

பயிற்சி தரும் மலாய்ப் பெண் விரலை இருபது முறை மடக்கச் சொல்வாள். அக்கா மலாயிலேயே உரக்க, “சத்து, டுவா, தீகா” என்று எண்ணுவார். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எண்ணிக்கை மட்டும் ஓடும். விரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்: “மடக்கலேன்னா அப்படியே வெறச்சிப் போயிரும்க்கா.”

இருபது வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“போகட்டும்லா. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல இப்பதான் அந்த மனுசன் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுக்குறாரு. மகன் கடையில சோறு வாங்கியாரான். இது மடங்கிருச்சுன்னா எவன் செய்வான்? நீயும் ரொம்ப மடக்காத, தங்கச்சி.”

நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வேளை தவறாமல் மடக்கினேன்.

விரல் முழுசாக மடங்கிய மறுநாள், என் கணவர் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கோழிகளை முழுசாகவே வாங்கிவந்து வைத்தார்.

“கடையிலேயே வெட்டித் தரச் சொல்லலியா?”

“ஒனக்குத்தான் கை நல்லாயிருச்சே.”

அந்த அக்காவின் விரல் மட்டும் ஒருநாளும் மடங்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கத்தியை எடுத்தேன்.