கிழியாத இலை

அன்றைக்கு அந்த வார்டில் இருந்தவர்கள்: அப்பா, கட்டிலில். அம்மா, தலைமாட்டில். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, ஜன்னல் பக்கம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தோல் டாக்டரம்மா. அப்புறம் நான். எனக்குப் பத்து வயது. கையில் மூன்று வாழை இலை.

இலை எதற்கென்று சொல்ல, கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

அப்பாவும் மாமாவும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர்கள். சாரல் விழுந்து கூட்டம் வந்துவிட்டால் வீட்டுக்குச் சாப்பிட வரக்கூட நேரம் இருக்காது. அப்பாவின் கட்டை விரலுக்கென்றே ஆட்கள் காத்து நிற்பார்கள். முதுகைத் தொட்டதும், லாரி ஓட்டுகிறவரா, நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவரா என்று சொல்லிவிடுவார். கல்யாணம் ஆனவரா என்பதையும் சொல்வார். அது எப்படித் தெரியும் என்று மாமா கேட்டால், குனிஞ்ச முதுகு நிமிராதுல்லா என்பார். அம்மா கேட்காதது மாதிரி இருப்பாள்.

அந்த வருசம் சீசனுக்கு முன்பே அப்பாவுக்கு வாய் முழுக்கப் புண். மோர்ச்சோறுகூட எரிந்தது. அப்புறம் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம். பக்கத்து வீட்டில் அம்மை என்று வேப்பிலை கொண்டுவந்து வாசலில் சொருகினார்கள். மாமா, சூடு என்று அடித்துச் சொன்னார். சூட்டுக்கு எண்ணெய். எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் எண்ணெய்தான் மருந்து.

கூட்டம் இல்லாத ஒரு காலையில் அப்பாவைக் கல்லில் உட்கார வைத்து மாமா தேய்த்தார். கொப்புளம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் தேய்த்தார். அந்த நல்ல தோலே அவர் கட்டை விரலோடு நகர்ந்து வந்தது. அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி.

மாமா கையை எடுத்தார். கிண்ணத்திலிருந்த எண்ணெயைக் கீழே ஊற்றினார். அந்தச் சீசனில் அப்புறம் ஒருத்தர் முதுகையும் அவர் தொடவில்லை. நடக்கும்போதும் நிற்கும்போதும் கை பின்னால்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அப்பாவின் தோளில் விரலை வைத்து லேசாகத் தள்ளிப் பார்த்தார். அதே மாதிரி நகர்ந்தது. நோயின் பெயர் பெம்பிகஸ் என்றார். நோய் உங்களால் வரவில்லை, நானும் இப்படித் தள்ளிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன் என்று மாமாவிடம் தனியாகச் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

அம்மா பீடி சுற்றுகிறவள். அவள் விரலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா பீடியை வைத்தே விளக்கினார். பீடியை நூல் பிடித்திருக்கிற மாதிரி, தோலுக்குள் ஒரு உயிரணுவை இன்னொரு உயிரணுவோடு பிடித்து வைக்க ஒரு புரதம் இருக்கிறதாம். கிருமியைக் கடிக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் அடையாளம் தெரியாமல் அந்த நூலைக் கடிக்கிறதாம். நூல் அறுந்தால் இலை தனி, தூள் தனி. இது தொட்டால் தொற்றாது. காவலை அடக்க மாத்திரையும் ஊசியும் இருக்கிறது. ஆனால் நாள் பிடிக்கும். அதற்குள் தோல் போன இடத்தில் கிருமி ஏறிவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காவல் நாயே வீட்டுக்காரனைக் கடிக்கு. நாயைக் கட்டிப்போட்டாப் போதுமா டாக்டர்?"

"போதும்" என்றார்.

நாயைக் கட்டுவது டாக்டரம்மா வேலை. அதுவரை அப்பாவை எதில் படுக்க வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பாடு. துணியில் படுத்தால் புண் துணியோடு ஒட்டும். எழுப்பினால் தோல் துணியோடு போகும். வாழை இலை ஒட்டாது என்றார் டாக்டரம்மா. காலையில் மூன்று, சாயங்காலம் மூன்று. தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும். கிழிசல் கூடாது, கிழிந்த ஓரம் காய்ந்து குத்தும். நடுத்தண்டு உறுத்தக் கூடாது.

மேலகரத்தில் ஒரு தோட்டக்காரர், ஒரு மரத்துக்கு ஒரு இலைக்கு மேல் அறுக்கக் கூடாது என்று சொல்லி உள்ளே விட்டார். அறுப்பது, சுமப்பது, தண்டு சீவுவது எல்லாம் நான். இலையைக் குப்புறப் போட்டு, கத்தியைப் படுக்க வைத்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் கிழியும். முதல் நாள் ஒன்பது இலை அறுத்து மூன்று தேறியது. அந்த மூன்றோடுதான் அன்று சாயங்காலம் வார்டுக்குள் போனேன்.

டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்டுக் கையுறை மாட்டச் சொன்னார். தோல் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து, உள்ளங்கையைப் பரப்பித் தூக்க வேண்டும், விரல் அசையக் கூடாது என்றார். மாமா அசையாமல் நின்றார். அப்பா அவரைப் பார்த்து, வா என்பது போலக் கண்ணைக் காட்டினார். மாமா கையை முன்னால் கொண்டுவந்தார். ஒவ்வொரு இலைக்கும் ஒரு தூக்கல். தோளைத் தூக்கும்போது நான் முதல் இலையைச் செருகினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "எத்தனை?" என்றார். வாய்ப்புண்ணால் அந்த வார்த்தையே பாதிதான் வந்தது.

"ஒண்ணு."

"ஒண்ணு" என்றார் அவரும். அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு.

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு அடி வாங்குகிறவள் நான். இங்கே ஒரு ஆள் தினம் இரண்டு வேளை என்னிடம் கணக்குக் கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை எண்ணிக்கையை நாலிலிருந்து ஆரம்பித்தோம். வேறு பேச்சு அவர் பேசவில்லை. எண் மட்டும்தான். எண்ணைத் தவறவிடக் கூடாதென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடப்பேன்.

நூற்றுப் பதினொன்று வரை தட்டில்லாமல் வந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று தட்டியது. ஆடி முழுக்கக் காத்திருந்த கல்யாணம் எல்லாம் ஒரே நாளில். மார்க்கெட்டில் ஒரு இலை இல்லை. அதற்கு முந்தின இரவு அடித்த காற்றில் மேலகரம் தோட்டத்தில் முழு இலையே இல்லை. எல்லாம் நார் நாராகத் தொங்கியது.

தென்காசிக்குத் திரும்பி வரும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். நுழைந்துவிட்டேன். முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள், இன்னும் ஆள் உட்காரவில்லை. ஒவ்வொரு இலையாக எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கிழிசல் இருந்தால் திரும்பப் போட்டேன். நல்லதைக் கையில் மடக்கினேன். நாலாவது இலையில் ஒரு அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். பட்டு வேட்டி, சந்தனம், பந்தி விசாரிக்கிறவர்.

"ஏட்டி, நீ பொண்ணு வீடா, மாப்ளை வீடா?"

"ஆஸ்பத்திரி" என்றேன்.

"பசிச்சா உக்காந்து தின்னு. இலையைத் தூக்கிட்டு எங்கன போற?"

"திங்கதுக்கு இல்ல. எங்கப்பா படுக்கதுக்கு."

பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீப்பட்டுட்டா என்று ஒருத்தர் கேட்டார். இல்லை, தோல் ஒன்றையொன்று பிடிக்காமல் விட்டுவிட்டது என்றேன். அண்ணாச்சி கையை எடுத்தார். எடுத்துக்கோ என்று தானே இரண்டு இலையை நீட்டினார். விளக்கில் பிடித்துப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

"திருட வந்தவளுக்கு இலை பிடிக்கலையாம்லே" என்று ஒரு பரிமாறுகிறவன் சிரித்தான்.

சத்தம் கேட்டு சமையல்கட்டிலிருந்து தவசுப்பிள்ளை கரண்டியோடு வந்தார். கல்யாணச் சமையல் முழுக்க அவர் பொறுப்பு. விசயத்தைக் கேட்டார். சிரித்தவனைப் பார்த்து, "கிழிஞ்ச இலையில ரசமே நிக்காது. மனுசன் எப்படிலே படுப்பான்?" என்றார்.

உள்ளே கூட்டிப்போய் பிரிக்காத கட்டைப் பிரித்துக் காட்டினார். ஆறு பொறுக்கினேன். தண்டை என்ன செய்வாய் என்று கேட்டார். அங்கேயே ஒன்றைக் குப்புறப் போட்டு இழுத்துக் காட்டினேன். தண்டு நாடா மாதிரி சுருண்டு விழுந்தது. இலை முழுசாக இருந்தது. அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டினார், அவ்வளவுதான். எனக்கு அது போதும். இன்றைக்கும் போதும்.

வார்டுக்கு ஓடினேன். ராத்திரி இலை காய்ந்து வெடித்துவிட்டது என்று அதை உருவி எடுத்துவிட்டார்கள். துணியில் வைக்கவும் மனசில்லை. மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்பாவைத் தன் மேல் சாய்த்து, இரண்டு உள்ளங்கையையும் பரப்பித் தாங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறார் என்றாள் அம்மா. மாமாவின் விரல் அசையவில்லை. அம்மா வெந்நீரில் முக்கிக் கொடுக்கக் கொடுக்க நான் செருகினேன்.

"எத்தனை?" என்றார் அப்பா.

"நூத்திப் பன்னெண்டு."

"நூத்திப் பன்னெண்டு."

இன்னும் பத்து நாளில் அப்பா பாயில் படுத்தார். அடுத்த சாரலுக்கு அருவிக்குப் போனார். முதல் நாள் யாரும் வரவில்லை. அப்பாவின் கையிலும் கழுத்திலும் கறுப்புத் தழும்பு. மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தேயும் அத்தான் என்றார். அப்பா தேய்த்தார். அப்புறம் பின்னால் ஆள் நின்றது.

நான்தான் அப்பாவைக் குணமாக்கினேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. மாத்திரைதான் குணமாக்கியது, இலை ஒட்டாமல் இருந்தது, அவ்வளவே என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒட்டாமல் இருந்ததும் வேலைதான்.

தெரியாமல் போனது வேறு. இலை குளிர்ச்சி, அதனால் அப்பாவுக்கு வலிக்கவில்லை என்று நினைத்தேன். தோல் இல்லாத முதுகைத் தூக்கும்போது அவர் ஒரு சத்தமும் போடவில்லை. எண்ணை மட்டும் கேட்டார், திருப்பிச் சொன்னார். என் கணக்கு அவருக்குப் பிடித்திருக்கிறது என்றிருந்தேன்.

எனக்குத் தலைப்பிரசவ வலி வந்தபோது, யாரும் சொல்லாமலே நான் எண்ண ஆரம்பித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பதைத் தாண்டும்போது அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. அவர் இலையை எண்ணவில்லை.

முதல் நாள் மூன்று. அப்புறம் இருபத்தெட்டு நாள், நாளைக்கு ஆறு. ஒரு இலைக்கு ஒரு தூக்கல். ஒரு தடவைகூட அவர் கத்தவில்லை.

நூற்று எழுபத்தொரு தடவை.