கண் காட்டப் போன பெயிண்ட் கடைக்காரர்

மரக்குச்சியால் டப்பாவைக் கலக்கிக்கொண்டே பெயிண்ட் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் நீலத்தை விட்டார். அவர் கண்ணுக்கு வெள்ளை இன்னமும் பழுப்பாகவே தெரிந்தது. அப்படிக் கலக்கிய 'வெள்ளை'யை ஏற்கெனவே வாங்கிப் பூசியிருந்த பல் டாக்டர், அந்நேரம் பார்த்துக் கடையேறி வந்தார்.

"அண்ணே, என் கிளினிக் சுவரெல்லாம் வானம் மாதிரி நீலமா இருக்கு. மயக்கம் தெளியறவங்க, மேலே போய்ச் சேர்ந்துட்டோம்னு பயப்படறாங்க."

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் சார்."

கம்பெனிக்காரன், கடையின் டியூப்லைட், வேட்டியை வெளுக்காத வீட்டுச் சோப்புத்தூள் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டாயிற்று. தன் கண்ணை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார். அன்று மாலையே மனைவி அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி மங்கிப்போச்சு," என்றார் மருத்துவர். "உங்க வயசுக்கு இது சீக்கிரம். ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். ஆனா, இப்படி ஆனவங்களுக்கு இதய நோயும் கொஞ்சம் அதிகமா இருக்குன்னு ஆய்வுகள் சொல்லுது. சிகரெட்டும் சர்க்கரையும் கண்ணையும் கெடுக்கும், ரத்தக்குழாயையும் கெடுக்கும். உங்களுக்கு இருக்குன்னு சொல்லலை. எதுக்கும் நெஞ்சைக் காட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் கடைக்காரர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"கண்ணைக் காட்டப் போனா நெஞ்சைக் காட்டச் சொல்றான்! இவன்கிட்ட காலைக் காட்டினா காதை அறுப்பான். என் நெஞ்சு இரும்புடி!"

"இரும்புதான். துருப்பிடிச்சிருக்கான்னு பார்க்கச் சொல்றார்."

வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழக்கம்போலக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மனைவி மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் கழலாத வார் இந்தப் படியில மட்டும் கழலுதே, அது எப்படி?"

சுடச்சுடப் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கி வந்து, நாடி பிடித்துப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குடி," என்றார், சுவரைப் பார்த்து.

"இருக்கட்டும். பயத்தோடயே வாங்க."

மறுநாள் காலை கடைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப்போனாள்.

"சிகரெட் உண்டா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"எப்பவாவது," என்றார் அவர்.

"எப்பவாவதுதான் பிடிக்காம இருப்பார்," என்றாள் மனைவி.

அவர் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, படுத்துக்கொண்டார். நர்ஸ் நெஞ்சில் ஒயர்களை ஒட்டத் தொடங்கினாள்.