மூன்றாவது அடுக்கில் சாணம்

என் கணவர் மாட்டு டாக்டர். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. எந்த மாட்டுக்கு டாக்டர் என்பதில்தான் கூச்சம். ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் "பால் பண்ணை" என்று சொல்லிவைத்திருந்தேன். சொன்னது நான்தான். அவர் அப்படி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் சொல்லும்போது பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பண்ணையில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. புஜைரா போகும் வழியில், மலைக்கு இந்தப் பக்கம், கொட்டகை கொட்டகையாக நிற்பவை அத்தனையும் காளைகள். கப்பலில் வந்து இறங்கும். நோய் நொடி இருக்கிறதா என்று கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். பிறகு தீனி போட்டுக் கொழுக்கவைப்பார்கள். அப்புறம் லாரி வரும். லாரி எங்கே போகிறது என்பதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை. அமாவாசையன்று வெங்காயம் சேர்க்காத சாம்பாரைக் கேரியரில் எடுத்துக்கொண்டு அவர் அந்த வேலைக்குத்தான் போவார். அந்தச் சம்பளத்தில்தான் என் பூஜை அலமாரிக்கு வெள்ளி விளக்கு வந்தது. இதையெல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் நினைக்காமல் இருக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு.

லாரியைப் பேசமாட்டோமே தவிர, மற்றதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவர் கொட்டித் தீர்ப்பார். ஏதோ ஒரு நாட்டில் கோமாரி வந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அவருக்குச் சோறு இறங்காது. "இந்த ஊர்ல தண்ணி இல்ல, அதனால புல்லும் கப்பல்ல வருது, மாடும் கப்பல்ல வருது. மேல ஒருத்தர் தடைன்னு கையெழுத்துப் போட்டா நம்ம கொட்டகை காலி, நாமளும் காலி" என்பார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவேன்.

நோய் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் பார்ப்பதுதான் அவருடைய பொறுப்பு. அதற்கான விதிகளையும் அவரேதான் போட்டார். உள்ளே வரும் வண்டிகளின் சக்கரத்துக்கு மருந்துத் தண்ணீர் அடிக்க வேண்டும். பூட்ஸை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் நடக்க வேண்டும். வெளிச் சாப்பாடு பட்டிப் பக்கம் ஒரு பருக்கை போகக் கூடாது. ஆபீஸ்காரர்களின் கேரியர் மட்டும் கேட்டை ஒட்டிய ஆபீஸ் அறை வரை போகலாம். வெளியே வரும்போது யார் பையானாலும் திறந்து பார்க்க வேண்டும். "என் பையா இருந்தாலும் விடாதே" என்று கேட்டில் இருப்பவரிடம் சொல்லிவைத்திருப்பதாக என்னிடம் பெருமை பேசினார். மீறினால் வேலை போகும், விசா போகும் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியதும் அவர்தான்.

கேட்டில் இருப்பவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். மருந்து அடிக்கும் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலிலேயே நிற்பார். நான் காரில் போனால், "வாங்க மேடம்" என்று சிரித்துவிட்டு, முதல் வேலையாக என் கார்ச் சக்கரத்தை நனைப்பார்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அவரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஒன்று கேட்டார்கள். நாங்கள் தங்கியிருக்கிற கேம்பில் பொங்கல் வைத்துக் கொண்டுவருகிறோம், ஒரே ஒரு காளைக்கு மாலை போட்டு ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கும்பிட்டுக்கொள்கிறோம் சார், அவ்வளவுதான். பானையையும் கொண்டுவந்துவிட்டார்கள். என் கணவர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். வெளிச் சாப்பாடு, வெளிப் பூ எதுவும் உள்ளே போகாது, ரூல் ரூல்தான் என்றார். அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. பானையை வெளியே சுவரோரம் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனார்கள். சாயங்காலம் வந்து, ஆறி இறுகிப்போனதை அங்கேயே நின்று பிட்டுத் தின்றார்களாம்.

இதை அவர் வீட்டில் வந்து ஒருமாதிரியான முகத்தோடு சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இது: "நல்லவேளை, கறாரா இருந்தீங்க. வெட்டப்போற மாட்டுக்கு மாலை ஒரு கேடா?"

இந்த வாய்தான், இதே வாய்தான், அடுத்த மாதம் அவரிடம் சாணம் கேட்டது.

எங்கள் கட்டடத்தில் இருந்த சிநேகிதி ஒருத்தி ஊருக்கு வெளியே வில்லா வாங்கியிருந்தாள். கிரகப்பிரவேசம். பசுமாட்டை வீட்டுக்குள் கூட்டிவர இங்கே வழியில்லை. பசுஞ்சாணமாவது கட்டாயம் வேண்டும் என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். ரோலா கடைவீதியில் பூஜைச் சாமான் கடையில் வரட்டி பாக்கெட்டில் கிடைக்கும். அவள் மூக்கைச் சுளித்தாள்.

"பாக்கெட்ல வர்றது எந்த மாட்டோடதோ, யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுக்காரர் பால் பண்ணையில இருக்கார், ஒரு கை சாணத்துக்கு நான் கடைக்குப் போகணுமா?"

பத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில், "அது பால் பண்ணை இல்லை, அங்கே பசுவே இல்லை" என்று சொல்ல என் நாக்கு புரளவில்லை. "அட, இதெல்லாம் ஒரு விஷயமா? நான் கொண்டுவர்றேன்" என்று பீற்றிக்கொண்டேன்.

வீட்டில் கேட்டதும் அவர் குதித்தார். "பைத்தியமா உனக்கு? சாணத்துலதான் அத்தனை கிருமியும் போகும். நானே அதை வெளிய எடுத்துட்டு வரவா? மாட்டினா வேலை போயிடும்டி. அதுவும் காளைச் சாணம்!"

"சாணத்துல பசு, காளைன்னு எழுதியா ஒட்டியிருக்கு?" என்றேன். அதற்கும் மசியாததால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். எத்தனையோ கம்பெனிக்காரர்களிடம் கறாராக நிற்கும் மனிதர், என் மூஞ்சிக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. அவரை அழைத்துவர நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் அறையிலிருந்து கேரியரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கேட்டில் நிறுத்தினேன். பின்னாலேயே தலைமை டாக்டரின் வண்டி வந்து நின்றது. அவர் எகிப்துக்காரர், என் கணவருக்கு மேலதிகாரி.

"சார், கேரியர்" என்றார் கேட்காரர்.

"காலிக் கேரியர்தான்."

"தெரியும் சார். திறந்து பாத்துடுறேன்."

முதல் அடுக்கைக் கழற்றினார். சாம்பார் ஒட்டிய பாத்திரம். இரண்டாவதில் ரெண்டு பருக்கை. மூன்றாவதைத் திறந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை வந்தது. அவர் அதைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எதற்கென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு முகூர்த்த நாள் என்பது அவருக்கும் தெரியும்.

பின்னால் எகிப்துக்காரர் ஹாரன் அடித்தார். கண்ணாடியை இறக்கி, "யல்லா, கிளம்பு! என்ன பிரச்சினை?" என்று கத்தினார்.

ஒரு வார்த்தை போதும். எங்கள் வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாமே அந்த மூடிக்குள்தான் இருந்தன. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாஃபி முஷ்கில், சார்!" என்று, ஒரு பிரச்சினையும் இல்லையென கேட்காரர் அரபியிலேயே குரல் கொடுத்தார். பிறகு தோளிலிருந்த குழாயை எடுத்து, மூன்றாவது அடுக்குக்குள் மருந்துத் தண்ணீரை அடித்தார். நிதானமாக, சக்கரத்துக்கு அடிப்பதைப் போலவே அடித்தார். வெள்ளையாக நுரைத்து விளிம்புவரை வந்தது. மூடியைப் போட்டு, அடுக்குகளை மாட்டி, வெளியே வழிந்ததைத் துண்டால் துடைத்து, என்னிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"மருந்து போட்டாச்சு மேடம். இனிமே வெளிய போகலாம்."

வாங்கிக்கொண்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் பின்னால் ஹாரன் அடித்ததால் காரைத்தான் எடுத்தேன்.

ரொம்ப தூரம் தாண்டியதும் என் கணவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு சொன்னார்: "என்னைப் போட்டுக் குடுத்திருந்தாக்கூடப் பரவால்ல."

"சும்மா இருங்க, வேலை தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படாம" என்று அவர் மீதே எரிந்து விழுந்தேன். வேறு யார் மீது விழுவது? வழியில் ஒரு பெட்ரோல் பங்க் குப்பைத் தொட்டியில் அதைக் கொட்டினேன். வீட்டில் அந்த அடுக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன். மருந்து வாடை போகவே இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் கொஞ்சம் மனுஷியாகத் தப்பித்திருப்பேன். அன்றைக்கே ரோலாவுக்குப் போய் வரட்டி பாக்கெட் வாங்கினேன். உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, வாழையிலையில் உருட்டி வைத்தேன். விடியற்காலை சிநேகிதி அதை முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தீங்களா, பண்ணைச் சாணம்னா வாசனையே தனி" என்று எல்லோரிடமும் காட்டினாள். என் கணவர் மறுபடியும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் சிரித்தேன்.

கிளம்பும்போது அவள் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பண்ணையில வேலை செய்றவங்களுக்குக் குடுங்க. பசுவைத் தொடுற கைங்க. நமக்குப் புண்ணியம்." வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது?

என் கணவருக்கு அன்றும் டூட்டி. நானே கொண்டுவிட்டேன். அவரால் அந்தத் தூக்கைத் தொட முடியவில்லை. நானே இறங்கி எடுத்துக்கொண்டு கேட்காரரிடம் போனேன். நேற்றைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"பொங்கல் கொண்டுவந்திருக்கேன். உள்ள எல்லாருக்கும் குடுங்க."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். நெய்யும் முந்திரியுமாக ஆவி பறந்தது. மூடினார்.

"வெளிச் சாப்பாடு உள்ள போகாதே, மேடம். சார் போட்ட ரூலு."

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். என் தர்மசங்கடத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர் மாதிரி, அவரே வழி சொன்னார். கேட்டுக்கு வெளியே சுவரோரமாகக் கை காட்டினார்.

"அந்தா, அங்க வச்சுட்டுப் போங்க. நாங்க பொங்கப் பானைய வச்ச எடந்தான். டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிட்டுக்குறோம்."

அங்கே போய் மணலில் தூக்கை வைத்தேன். பக்கத்துச் சுவரில் இன்னும் லேசாகப் பானைக் கரி ஒட்டிய தடம் ஒன்று தெரிந்தது. தூக்கின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். பொங்கல் சூடாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரை இருக்காது.