ஓடை வழியில் ஒரு புங்கந்தழை

போன வாரம் என் அக்கா மகன் பிரான்ஸிலிருந்து கைபேசியில் நாற்பது படங்கள் அனுப்பியிருந்தான். வேலைக்காகப் போனவனுக்கு நாலு நாள் விடுமுறை கிடைத்ததாம். ஒரு ஆற்றங்கரையோடு நடந்தே சுற்றியிருக்கிறான். சாதுவான ஆறு, பார்த்தாலே தெரிந்தது. வளைவுக்கு ஒரு பழைய கோட்டை, மேட்டுக்கு ஒரு மாதா கோயில், நடுவில் புல்வெளி. நடக்கிறவர்கள் தவறிப் போகாமல் இருக்க மரத்துக்கு மரம் பெயிண்டால் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் மட்டும் இரண்டு பட்டைகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கிடந்தன. இது என்னடா என்று கேட்டேன். “அந்தப் பக்கம் போகாதீங்கன்னு அர்த்தம் சித்தி” என்று பதில் வந்தது.

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அடிவயிற்றில் ஒரு சில்லிப்பு. எனக்குப் பழக்கமான சில்லிப்புதான் அது. முப்பது வருஷத்துக்கு மேலாக அவ்வப்போது வந்து போகிறது. மழை நாளில் புங்கந்தழை கசங்கிய வாசம் வந்தால் வரும். யாராவது கற்பூரத்தைக் கையில் அணைத்துச் சத்தியம் செய்தால் வரும். இப்போது பிரான்ஸிலிருந்தும் வருகிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம். பல்லி விழுந்தால் நான் கத்துகிற கத்தலில் பல்லிதான் செத்துப்போகும். பிறந்தது களமருதூர். கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல், மேடு என்றால் ஏரிக்கரை மட்டும். அப்படிப்பட்டவளுக்கு முதல் வேலை கல்வராயன் மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளியில் போட்டார்கள். ஆர்டரைப் படித்துவிட்டு அப்பா சந்தோஷப்பட்டார், நான் அழுதேன். அழுதது சந்தோஷத்தில் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஊருக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். கோமுகி ஆற்றில் போய்ச் சேருகிற ஓடை. மழை இல்லாத நாளில் பார்த்தால் அக்கா மகன் நடந்த ஆற்றுக்கு அதுவும் சளைத்தது இல்லை. கணுக்காலுக்குத் தண்ணீர், இரண்டு பக்கமும் நாவலும் புங்கமும், சரிவுகளில் சாமைக் கொல்லை. கோட்டையும் எங்களிடம் இருந்தது. மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்த காலத்தில் யாரோ கட்டிய மச்சு வீடு, பாதிச் சுவர் நின்றது, மீதியில் ஆலங்கன்று முளைத்திருந்தது. கொஞ்சம் கீழே வந்தால் பாண்டிச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார் கட்டிய சின்ன மாதா கோயில். கூரை இல்லை. பீடத்தின்மேல் ஆடுகள் படுத்திருக்கும். அதற்கும் கீழே ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு கல் மண்டபமும் சிவன் கோயிலும். இவ்வளவு அழகான வழியில் இரண்டு வருஷம் ஏறி இறங்கியும் நான் எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. புதருக்குள் கரடி இருக்கிறதா என்று பார்ப்பதற்கே கண் போதவில்லை.

என்னோடு சாந்தி டீச்சர் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், உளுந்தூர்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தார். லீவு போட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்திருக்கலாம். பரீட்சை முடியட்டும், தீபாவளிக்கு முன்னால் இறங்கிவிடலாம் என்று நாள் கடத்தினார். இறங்குகிற நாளில் எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐப்பசி வானம். அவர் வீட்டுக்காரர் அடிவாரத்தில் காரோடு காத்திருப்பதாக ஏற்பாடு.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக சத்துணவு சமைக்கிற பொன்னி வந்தாள். மலைக்காரி. நாற்பது கிலோ அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி மேடேறுகிறவள். பெட்டிகளைச் சுமக்க வெள்ளையன் என்று ஒருவர். தலையில் பாரம் உள்ளவர் நின்று நின்று நடக்க முடியாது, அதனால் அவர் முன்னால் போவது, பெண்கள் மூன்று பேரும் மெதுவாகப் பின்னால் வருவது என்று பேச்சு. சிவன் கோயில் மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்வது.

நியாயமாக நான் சாந்தி டீச்சரோடு நடந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளையன் இடுப்பில் அரிவாள் இருந்தது. பெண்கள் பக்கம் ஒரு குச்சிகூட இல்லை. “நான் முன்னால போய் மண்டபத்தப் பெருக்கி வைக்கிறேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டு அரிவாளோடு சேர்ந்துகொண்டேன். எட்டு மாதக்காரியை விட்டுவிட்டு அரிவாளுக்குப் பின்னால் ஓடியவள்தான் இப்போது உங்களிடம் கதை பேசிக்கொண்டிருக்கிறாள்.

மாதா கோயிலைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று ஓடையோடு இறங்கும். இன்னொன்று கரடிப்பாறைமேல் ஏறி, சுற்றிக்கொண்டு, கீழே மண்டபத்துக்குப் பின்பக்கம் வந்து சேரும். அதில் தேன் எடுக்கிறவர்கள்தான் போவார்கள். வெள்ளையன் ஓடை வழியில் இறங்கிவிட்டார், நான் இருபது முப்பது அடி பின்தங்கியிருந்தேன். அந்த இடத்தில் மேலே எங்கேயோ இடி உருண்டது. ஓடைத் தண்ணீர் லேசாகச் செம்மண் நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்த்தேன். காட்டாறு எப்படி வரும் என்று பொன்னி சொல்லியிருந்தாள்: “சத்தம் கேக்கறப்ப வந்துடும் டீச்சர்.” என் கால் நகரவில்லை.

ஓடை வழியின் வாயில், புங்கமரத்தடியில் ஒரு கல் நட்டிருந்தது. எங்கள் ஊரில் ஏரிக்குப் போகிற வழியில் இப்படி ஒரு கல் உண்டு. அதைத் தாண்டுகிறவர்கள் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள், வழித்துணைக்கு. எனக்கு மூன்று வயதிலிருந்து பழக்கம். நான் யோசிக்கவே இல்லை. புங்கங்கிளை ஒன்றை, கையகலம் இல்லை, நல்ல பெரிய கிளையாகவே ஒடித்து, கல்லுக்கு முன்னால் போட்டுக் கும்பிட்டேன். பின்னால் வருகிற டீச்சருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். பயம் கொஞ்சம் தணிந்தது. ஓடிப்போய் வெள்ளையனைப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபத்தைச் சொன்னபடி பெருக்கினேன். வௌவால் புழுக்கை, பழைய விளக்குத்திரி எல்லாம் தள்ளிவிட்டு டீச்சர் படுக்க ஒரு சேலையை விரித்தேன். ஒரு மணி நேரத்தில் வந்திருக்க வேண்டியவர்கள். இரண்டு மணி நேரம் ஆனது. ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிவிட்டது. வெள்ளையன் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். “நான் பாத்துட்டு வரேன், நீங்க இங்கியே குந்தியிருங்க” என்று மேலே போனார்.

அந்தத் தனிமையைப் பற்றி என்ன சொல்ல? காது உடைந்த நந்தியும் நானும். தண்ணீர்ச் சத்தம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் வந்துவிட்டது என்று தூணைக் கட்டிக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் என் பயம் எல்லாம் எனக்காகப் பட்ட பயம். அன்றைக்குத்தான் முதல்முதலாக இன்னொருத்திக்காகப் பயந்தேன். அது வேறு மாதிரி இருந்தது. உடம்பு நடுங்கவில்லை, வாயில் எச்சில் மட்டும் சுத்தமாக வற்றிப்போனது.

வெள்ளையன் திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது.

“ஓட வழியில யாரோ தழை போட்டுக் கீறாங்க டீச்சர். அதப் பாத்துட்டுதான் பொன்னி மேல் வழியில போயிருப்பா.”

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். மலையில் ஒரு வழியின் வாயில் பச்சைத் தழை ஒடித்துக் கிடந்தால் அந்த வழி அடைப்பு என்று பொருள். வெள்ளம் வந்திருக்கும், மரம் விழுந்திருக்கும், இல்லை குட்டியோடு கரடி நிற்கும். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்காகப் போட்டது அது. அதைத் தாண்டி யாரும் கால் வைக்க மாட்டார்கள். அந்தக் கல்லும் சாமி இல்லையாம், ஜாகீர் காலத்து எல்லைக் கல்.

“நான் போடல. நீங்க எதுனா பாத்தீங்களா, யாராச்சும் வந்தாங்களா?”

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் நின்ற நிற்பு எனக்கு இன்றைக்கும் தெரியும். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவர் இடுப்பு அரிவாளைப் பார்த்தேன். சாந்தி டீச்சரின் வீட்டுக்காரரை நினைத்தேன். வேலையை நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“தெரியாதுங்க. நான் யாரையும் பாக்கல.”

அவர்களை எதிர்கொள்ள அவர் மண்டபத்துக்குப் பின்பக்கமாகக் கரடிப்பாறை வழியில் ஏறி ஓடினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு கூவல் கேட்டது, பதிலுக்கு இன்னொரு கூவல். வெயில் சாய்கிற நேரத்தில் மண்டபத்துக்குப் பின்பக்கச் சரிவில் அவர்கள் தெரிந்தார்கள். பொன்னி தன் சேலையைக் கிழித்துத் தூளி மாதிரி முதுகில் கட்டி, அதில் சாந்தி டீச்சரை உட்கார வைத்துச் சுமந்துகொண்டு வந்தாள். பாவாடையும் ரவிக்கையுமாக இருந்தாள். முழங்கால் இரண்டும் சதை பிய்ந்திருந்தன. பாறையில் டீச்சர் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், அதிலிருந்து வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

பெட்டிகளை மண்டபத்திலேயே போட்டுவிட்டு, மூங்கில் வெட்டித் தூளி கட்டி அடிவாரம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் வழியெல்லாம் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அவர் என் கையை விடவே இல்லை. “நீ நல்லா இருக்கணும்டி” என்று வலிக்கு நடுவில் சொன்னார். மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. எட்டு மாதத்துப் பெண் குழந்தை, கோழிக்குஞ்சு அளவு. கண்ணாடிப் பெட்டியில் மூன்று வாரம் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

குழந்தை தேறியதும் சாந்தி டீச்சரின் வீட்டுக்காரர் மலைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. மாசமான பொம்பளையைக் கரடி நடக்கிற வழியில் கூட்டிப்போனவள் யார், எதற்காக என்று ஊர்க்காரர்கள் முன்னால் கேட்டார். தழை கிடந்தது என்று பொன்னி சொன்னாள். யார் போட்டார்கள் என்று அவர் கேட்டார். தாங்கள் போடவில்லை என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரும் போடவில்லை என்றால் நீ பொய் சொல்கிறாய் என்றார். தானும் பார்த்ததாக வெள்ளையன் சொன்னதை, ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் சாட்சி என்று தள்ளிவிட்டார்.

அப்புறம் நடந்ததை நான் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பார்த்தேன். பொன்னி குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தாள். ஊர்ச் சாமிக்கு முன்னால் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள். “தழை கெடந்துச்சு. நான் பாத்தேன். பொய்னா என் புள்ளைங்க வெளங்காது” என்று சொல்லி அடுத்த கையால் அணைத்தாள். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தான் போடவில்லை என்று அதே மாதிரி அணைத்தார். டீச்சரான என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நல்லதாக நினைத்துப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அன்றைக்கு என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: என் பக்கம் திரும்பிவிடக் கூடாது, சாமி.

எல்லாரும் சத்தியம் செய்தாகிவிட்டது. அப்படியென்றால் தங்களில் ஒருவர் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் அந்த ஊரில் தழை கிடந்தால் யாரும் நிற்பதில்லை. “ஒரு ஆள வுட்டுப் பாத்துட்டுதான் போறோம்” என்று வெள்ளையன் சொன்னார். அடுத்த வருஷம் நான் மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிட்டேன்.

பொன்னியை ஒரே ஒரு முறை பிறகு பார்த்தேன், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில். தலை நரைத்து, பல் இரண்டு போயிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். சாந்தி டீச்சர் மகளுக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

“சாவறதுக்குள்ள அந்தத் தழைய யாரு போட்டாங்கன்னு தெரிஞ்சா போதுங்க டீச்சர். திட்ட மாட்டேன். தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான். எங்க ஊர்ல அதுக்கப்புறம் ஒர்த்தர ஒர்த்தர் நம்பறதே கம்மியாப் போச்சு.”

பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஆள். பட்டப்பகல். பக்கத்தில் அரிவாள் வைத்திருக்கிறவர் யாரும் இல்லை. வேலையிலிருந்து நான் ஓய்வு பெறவும் சொற்ப நாள்தான் இருந்தது. அப்படியும் என் வாயில் எச்சில் வற்றியது.

“உங்க பஸ் வந்துட்டுது பொன்னியக்கா” என்றேன்.

ஓடையோடு போன அந்த நடைபாதை இப்போது இல்லை, தார் ரோடு மேலே வரைக்கும் போகிறதாம். மாதா கோயில் சுவரைப் பிரித்து ரோட்டுக்குக் கல்லாகப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நடந்து இறங்குகிறவர் யாரும் கிடையாது. வெள்ளையன் எப்போதோ போய்விட்டார். பொன்னி போன தையில் போய்விட்டாள், செய்தி எனக்குக் காரியம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் வந்தது. சாந்தி டீச்சரிடமாவது சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம். ஆனால் அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவள் பொன்னி. அன்றைக்குப் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வண்டி திரும்புகிற வரைக்கும் அவள் எனக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.