துவாரத்துக்குள் ஒரு மயில்

அரிசிப் பையில் அச்சடித்த மயிலைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். புலம்பெயர்ந்து வந்த புதிதில், ரோவில் என்ற புறநகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அடிச்சுவரில் காற்றுப் போக விட்டிருந்த துவாரங்கள் அத்தனையிலும் அந்தப் பைகளைச் சுருட்டி அடைத்தவர் வீட்டுக்கார அங்கிள். குளிர் தாங்கவில்லை என்று அம்மா கேட்டதால் பலகைத் தரைக்கு அடியில் குளிர் தடுக்கும் பஞ்சு செருகினார். நல்ல காரியம். அத்தோடு நின்றிருக்கலாம். "குளிர் வாற ஓட்டையளையும் அடைச்சுப்போட்டன் பிள்ளை" என்று பெருமையடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வின்ரர் குளிரில் சுவரெல்லாம் பூஞ்சணம். தரைப் பலகைகள் ஓரம் நிமிர்ந்து காலைத் தட்டின. அங்கிள் வந்து மூக்கைச் சுளித்தார். "மூண்டு நேரமும் கறி காய்ச்சினால் சுவர் வேர்க்காதே? உங்கட குசினியாலதான் என்ர வீடு பழுதாகுது." அம்மா அன்றைக்கே அடுப்பைக் கராஜுக்குக் கொண்டுபோனா. ஆஸ்துமாவோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, அந்தக் குளிரில் நின்று சமைத்தா.

கட்டடப் படிப்பில் சேர்ந்து ஒரு வருஷமே ஆகியிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. ரோர்ச் வெளிச்சத்தோடு தரைக்கடியில் ஊர்ந்து போனேன். பஞ்சு நனைந்து தொங்கியது. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பஞ்சு வீட்டின் சூட்டை மேலேயே மறித்துவிடும். அடிப்பக்கம் முன்னைவிடக் குளிரும். மண்ணிலிருந்து எழும் ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகவேண்டும். காற்றின் வழியில் மயில் குந்தியிருந்தால் அந்த ஈரத்தை மரம்தான் குடிக்கும்.

"அங்கிள், மண்ணுக்கு மேல பிளாஸ்டிக் விரியுங்கோ. ஓட்டையளைத் திறந்து விடுங்கோ."

"ரெண்டு செமஸ்டர் படிச்சுப்போட்டு இவள் எனக்கு வகுப்பெடுக்கிறாள்!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். நான் பிடுங்கிய பைகளைத் திரும்ப அடைத்தார். கடைசியில் நாங்கள்தான் வீடு மாறினோம்.

போன கிழமை அந்தத் தெருவால் நடந்தேன். அதே துவாரம், அதே மயில். குனிந்து இழுத்தெடுத்தேன்.

"ஆரைத் தேடுறியள் தங்கச்சி?" சால்வை போர்த்திய ஒரு பெண் கராஜிலிருந்து எட்டிப் பார்த்தா.

"முந்தி இங்க இருந்தனாங்கள் அக்கா. இதை அடைச்சதாலதான் வீட்டில ஈரம்."

"ஐயோ, வச்சிடுங்கோ, அங்கிள் ஏசுவார். என்ர சமையலாலதான் பூஞ்சணமாம்."

அவவின் பின்னால், கராஜுக்குள், சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

மற்றத் துவாரங்கள் எங்கெங்கே என்று எனக்குத் தெரியும். வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன்.