முச்சந்தியில் நின்றுவிடும் பாட்டு

போன வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். எங்கள் வீட்டு கேட்டடியில் நாலு பேர். நாலு பேர் கையிலும் பை!

"எங்க டீச்சர் பாண்? சத்தம் கேக்குது, ஓட்டோவக் காணல்லையே?" என்றார் எதிர்வீட்டு பரீதா.

பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய் ரொட்டி விற்க வரும் பாண் ஓட்டோ வரவேயில்லை. விறாந்தையில் இருந்து கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தது நான்தான்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்த ஆள் நான். மாதா கோவிலில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைக்கிறவள். அறுபத்தொரு வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை?

எல்லாம் இவரால் வந்தது.

இவர் என்றால் என் கணவர். யுத்த நேரம் வன்னியிலிருந்து வந்து, சிலாபத்தில் வாயை மட்டும் முதலாகப் போட்டுத் தேங்காய்த் தரகு தொடங்கியவர். தோட்டக்காரரோடு சிங்களத்தில் கதை, லொறிக்காரரோடு தமிழில் கதை. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டிலும் கதை, சவரம் செய்யும்போதும் கதை. "இஞ்சாருங்கோ, கொஞ்ச நேரம் வாயை மூடுங்கோவன்!" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

பங்குனியில் பாரிசவாதம் வந்தது. காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும். அவர் சொல்ல நினைப்பது மட்டும் உதடு வரை வந்து நின்றுவிடும். வாயை மூடச் சொன்னதை நினைத்து எத்தனை நாள் அழுதேன் என்று எழுதப்போனால் இந்தப் பக்கம் போதாது...

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளை முதலில் திருத்தியது என்னைத்தான்.

"ஐயா வாயைத் திறக்க முந்தி நீங்க சொல்லி முடிச்சிடுறீங்க டீச்சர். தண்ணியா, டீவியா, பாத்ரூமா எண்டு... அவர சொல்ல விடுங்க. நீங்க காத்திருங்க."

காத்திருப்பதா? நானா? வகுப்பில் ஒரு பிள்ளை "ஏழெட்டு..." என்று இழுத்தால், "ஐம்பத்தாறு!" என்று நானே கத்திவிடுவேன்.

இனி பாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பாண் கொண்டுவருகிறவர் சுனில். வருடம் முழுக்க அவருடைய ஓட்டோவில் ஒரே சூன், ஒரே மெட்டுத்தான். மார்கழி பிறந்தால் மட்டும் நத்தார் பாட்டு, அதுதான் கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றுக்கு மாற்றிவிடுவார். சொற்கள் கிடையாது. அவசரமில்லாமல், ஒவ்வொரு சுரமாக, டிங்... டிங்... என்று போகும்.

டிசெம்பர் முதலாம் திகதி அந்தப் பாட்டு தெருத் தொங்கலில் கேட்டது. கதிரையில் இருந்த இவர் தலையை நிமிர்த்தினார். "ம்... ம்... ம்ம்..." என்று ஒரு சத்தம். எங்கேயோ நோகிறதாக்கும் என்று மருந்துப் பெட்டியை எடுக்க ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது. பாடுகிறார்! ஓட்டோவோடு சேர்ந்து பாடுகிறார்!

ஓட்டோ முச்சந்தியில் நின்றது. வழக்கமாக அங்கேதான் சனம் கூடும். பாண் கொடுக்கும்போது சூனை நிற்பாட்டுவதும், வெளிக்கிடும்போது திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவதும் பாண்காரர்களின் பழக்கம். பாட்டு பாதியில் நின்றது. இவரும் நின்றுவிட்டார். கையைத் தூக்கி, காற்றில் எதையோ தேடினார். கிடைக்கவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாளும் அதே முச்சந்தி. அதே முகம்.

பயிற்சிப் பிள்ளைக்கு போன் எடுத்தேன். "நல்ல விஷயம் டீச்சர். கதை வராத சில பேருக்குப் பாட்டு வரும். அதைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சொல் வந்தாலும் வரும். விட்டுடாதீங்க" என்றாள்.

யூடியூபில் அதே பாட்டைத் தேடிப் போட்டேன். யாரோ ஒருவர் பத்து விரலாலும் இருபது விரல் வேலை பார்த்தார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவசரக்காரரைக் கண்டால் இவருக்கு ஆகாது. (என்னோடு முப்பத்தாறு வருடம் எப்படித்தான் குடும்பம் நடத்தினாரோ?)

மகள் இத்தாலிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கீபோர்ட் அலுமாரிக்கு மேல் கிடந்தது. இறக்கித் தூசு தட்டினேன். எனக்குச் சுரம் தெரியாது. கட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் ஒட்டினேன். இலக்கத்துக்கு நான் பயப்படுகிற ஆள் இல்லையே!

"அம்மா, ஒரு விரலாலயா பியானோ வாசிக்கிறியள்?" வட்ஸ்அப்பில் மகள் சிரித்தாள்.

"ஓம் பிள்ளை. ஒரு விரல்தான் சொல்வழி கேக்குது."

அந்த ஒரு விரலால் பாதிப் பாட்டைப் பிடித்துவிட்டேன். அதைத்தான் வியாழக்கிழமை வாசித்தேன். தெருவே பையோடு வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பரீதா கேட்டார்: "அப்ப மிச்சப் பாதி?"

"தெரியாது. முச்சந்தியோட நிண்டுடுதே. யூடியூப்ல போற வேகத்துக்கு ஒண்டும் பிடிபடுதில்ல."

சற்று நேரத்தில் சுனிலே வந்து சேர்ந்தார். கேட்டோம். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் தெரியாது டீச்சர். பாட்டுப் போட்டா ஆள் வரும். ஆள் வந்தா நிப்பாட்டணும். கடைசி மட்டும் நானே கேட்டதில்ல."

பிறகு உள்ளே விறாந்தையை எட்டிப் பார்த்தார். ஒருகாலத்தில் ஒரு பணிஸ் வாங்க அரை மணித்தியாலம் சிங்களத்தில் தன்னோடு கதைத்தவர் அங்கே பேசாமல் இருந்தார். சுனில் எஞ்சினை நிற்பாட்டினார். பாட்டை மட்டும் முதலில் இருந்து போட்டார்.

"முடியுமட்டும் யாவாரம் இல்ல" என்றார்.

பரீதா போனை நீட்டி ரெக்கோட் பண்ணினார். யாரோ இருமப் பார்க்க, "உஷ்!" என்று ஓர் அதட்டல். கையில் பையோடு ஒரு தெருச் சனம் முழுவதும், பாண் கேட்காமல், பாட்டு முடியும் வரை நின்றது. இந்த ஊரில் நான் இத்தனை வருடம் இருந்ததற்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

ரெக்கோட் பண்ணியதையே இவருக்குப் போட்டுக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். போட்டேன். அது தன் பாட்டில் போனது. முச்சந்தி வரும் இடத்தில் இவர் தடுக்கி நின்றால், அதற்கென்ன கவலை? கீபோர்ட் அப்படியில்லை, காத்திருக்கும். வாசிக்கிறவள் காத்திருந்தால்...

நாலு நாள் பழகினேன். இந்தச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரைக்கு இவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தொடங்கினேன். "ம்... ம்..." என்று கூடவே வந்தார். அந்தப் பாதி இடம் வந்தது. நின்றார்.

என் விரல் அடுத்த கட்டைக்கு மேலே துடித்தது. அமத்தவில்லை. மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... ஏழு, எட்டு...

"ம்ம்..."

வந்தது! சரியான சுரம்தானா என்று எனக்கெப்படித் தெரியும்? அவர் போக, நான் பின்னால் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்குப் பின்னால் போனேன். கடைசிச் சுரத்தை நான் வாசிக்கவேயில்லை. அதை அவரே முடித்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். உதடு ஒட்டியது, பிரிந்தது, திரும்ப ஒட்டியது. எடுத்துக் கொடுக்க என் வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"பா..." என்றார். "பா... பாண்."

ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். என் பெயர் இல்லை. மகளின் பெயர் இல்லை. மாதாவின் பெயர்கூட இல்லை. பாண்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எதை முதலில் துடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவரும் சிரித்தார்.

குசினியில் ஏற்கெனவே இரண்டு இறாத்தல் பாண் கிடந்தது. கிடக்கட்டுமே!

சுனில் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. இரண்டு கதிரைகளை கேட்டடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம்.