செலோ டேப் ஒட்டிய கேசட்

தெருவில் அவளைப் பூஞ்சை டாக்டர் என்பார்கள். பழைய வீடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் டெக்கில் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்தேன் என்றால் திட்டு விழும். பூஞ்சை பிடித்ததை ஓட்டினால் டெக்கும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். அடுத்தது வரிசை. காரில் வந்த ஒருவர் தனக்கு அவசரம் என்று அதட்டியபோது, "நீங்க யாருன்னு உங்க கேசட்டுல இருக்கற பூஞ்சைக்குத் தெரியுமா?" என்று கேட்டு, அலமாரியின் கடைசித் தட்டைக் காட்டினாள்.

இந்தத் தொழிலுக்கு அவளை இழுத்துவந்தது அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம். அவள் வெளியூரில் வேலையில் இருந்தபோது அம்மா படுத்த படுக்கையானாள். இனி தேறமாட்டோம் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டு ஸ்டூடியோக்காரரைக் கேமராவோடு வரவழைத்து, மகளுக்காக ஐம்பது நிமிடம் பேசிவைத்தாள். கடைசிக் கடிதத்தில் அதை எழுதியும் இருந்தாள். கேசட்டின் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கை ஸ்டூடியோக்காரர் உடைத்துக் கொடுத்தாராம். இனி அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாதாம். மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வருடம் கழித்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அண்ணனிடம் கேசட்டைக் கேட்டாள். "பூஞ்சை தின்னுடுச்சும்மா" என்றான் அண்ணன்.

பூஞ்சையின்மேல் பழி போட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. விதி என்பதைப்போல அதுவும் ஒரு வசதியான சொல். ஆனால் இவள் கேட்டாள். பூஞ்சை எதைத் தின்னும், எவ்வளவு தின்னும், துடைத்தால் போகுமா என்று தேடித் தேடிப் படித்தாள். பழைய டெக்குகளை வாங்கிப் பிரித்துப் போட்டுக் கற்றாள். பெரும்பாலும் துடைத்தால் போய்விடும் என்று தெரிந்த அன்றே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். பரணில் எங்கோ கிடக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றான். இருபத்திரண்டு வருடம் தேடினான்.

போன மாதம் வீடு மாற்றும்போது அண்ணிதான் அதைக் கண்டெடுத்து, விவரம் தெரியாமல் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டை உறையில் 'மகளுக்கு' என்று அம்மாவின் கையெழுத்து. மற்ற கேசட்டுகளுக்குப் பூஞ்சை தொற்றாமலிருக்க, உறையோடு பாலித்தீன் பையில் கட்டிக் கடைசித் தட்டில் வைத்தாள். வரிசையை மீறலாமா என்று தினமும் யோசித்து, மீறாமல் பதினாறு நாள் காத்திருந்தாள்.

பதினேழாம் நாள் உறையை உருவினாள். நாடாவின் ஓரத்தில் மாவு தூவியதுபோல லேசான வெள்ளை. இதைவிட மோசமானதையெல்லாம் அவள் அரை நாளில் தேற்றியிருக்கிறாள். முதுகைத் திருப்பியபோதுதான் பார்த்தாள். நாக்கு உடைந்த ஓட்டையின்மேல், பழுத்து மஞ்சளாகிப்போன செலோ டேப். சதுரமாகக் கத்தரித்து, விரலால் அழுத்தி ஒட்டியது.

கை பழக்கத்தில் வேலை செய்தது. ஸ்குருக்களைக் கழற்றி, நாடாவைத் துடைத்து, வேறு கூட்டில் ஏற்றி ஓட்டினாள். நாற்பத்தேழு நிமிடம் கால்பந்து. பிறகு திரை நடுங்கி, பேச்சின் நடுவிலிருந்து அம்மா. மூன்று நிமிடம்கூட இல்லை.

அண்ணனை வரச்சொன்னாள். செலோ டேப் ஒட்டிய பழைய கூட்டை அவன் முன்னால் வைத்தாள். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஆரம்பித்தான்.

"நாக்கு உடைஞ்ச கேசட்ல ரெகார்ட் பட்டன் வேலை செய்யாதுண்ணா. ஓட்டைய அடைச்சாத்தான் செய்யும். எழுந்து போய்க் கத்தரிக்கோல் தேடியிருக்க. வெட்டியிருக்க. அளவு பாத்து ஒட்டியிருக்க. இதுல எது உனக்குத் தெரியாம நடந்துச்சு?"

அவன் கூட்டைப் பார்த்தபடி சொன்னான். "கூடவே இருந்து பாத்துக்கிட்டவன் நான். பேசினதெல்லாம் உன்கிட்ட. அரை மணி நேரம் போட்டுப் பாத்தேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரல."

அவள் டெக்கை ஓடவிட்டாள். இளைத்த முகத்தோடு அம்மா நேராகப் பார்த்தாள். "இதை உன் அண்ணன்கிட்டதான் குடுக்கப் போறேன். என்னைப் பாத்துக்கிட்டே புள்ள பாதியாயிட்டான். அவன்கிட்ட இருந்தா எதுவும் பத்திரமா இருக்கும்."

அண்ணன் வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, தனக்கும் இதில் ஒரு பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டான்.

அவன் அழுகை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் சொன்னது பொய் என்பதும் தெரிந்தது. ஒன்று மற்றொன்றைத் துடைக்கவில்லை.

வருகிறவர்கள் எல்லாருக்கும் எடுக்கும் அதே நோட்டை எடுத்து விரித்தாள்.

"முன்னாடி இருபத்தேழு கேசட் இருக்கு" என்றாள். "வரிசையில எழுதிக்கறேன். பேரு சொல்லுங்க."